தென்னை தாங்கும் உப்பைக் கம்பி தாங்காது!

கடலோரக் கிராமங்களில் மோட்டார் ரூமுக்குள் நுழைந்து கூரையை நிமிர்ந்து பார்த்தால் ஒரு காட்சி அடிக்கடி கண்ணில் படும். காரை பெயர்ந்து, துருப்பிடித்த கம்பி வெளியே தெரியும். கட்டிப் பத்து வருடம்கூட ஆகியிருக்காது. ‘சிமென்ட் சரியில்லை’, ‘கொத்தனார் ஏமாற்றிவிட்டார்’ என்று பேச்சு வரும். பல இடங்களில் உண்மையான காரணம் கலவைக்கு ஊற்றிய தண்ணீர்தான். தோட்டத்து போர்வெல்லில் வந்த உப்புத் தண்ணீரிலேயே கலவை போட்டு, அதையே ஊற்றி ஆற வைத்திருப்பார்கள்.

உப்பு என்ன செய்கிறது?

சிமென்ட் கலவை இயல்பிலேயே கடுமையான காரத்தன்மை உள்ளது. அதனால் உள்ளே இருக்கும் கம்பியின் மேல் மெல்லிய பாதுகாப்புப் படலம் உண்டாகிறது. அந்தப் படலம் இருக்கும்வரை கம்பி துருப்பிடிக்காது. உப்பில் உள்ள குளோரைடு இந்தப் படலத்தை உடைத்துவிடும். அதன்பின் ஈரமும் காற்றும் சேர்ந்தால் துரு ஏறும். துரு, இரும்பைவிட இரண்டு முதல் ஆறு மடங்கு இடத்தை அடைக்கும். உள்ளிருந்து நெருக்குவதால் கான்கிரீட் வெடிக்கிறது. வெடிப்பு வழியாக இன்னும் தண்ணீர் இறங்கி, துரு வேகமாகிறது. சல்பேட் உப்பு வேறு வகை. அது கம்பியை விட்டுவிட்டுச் சிமென்ட்டையே தாக்கி, உப்ப வைத்து உதிர்க்கும்.

எவ்வளவு உப்பு வரை சரி?

இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 456-ன்படி, கம்பி போட்ட கான்கிரீட்டுக்கான தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. கம்பி இல்லாத கான்கிரீட்டுக்கு 2,000 மில்லிகிராம் வரை போகலாம். சல்பேட் (எஸ்.ஓ.3 கணக்கில்) 400 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. கடல் நீரில் குளோரைடு மட்டும் சுமார் 19,000 மில்லிகிராம் இருக்கும்.

மண், நீர் பரிசோதனை அறிக்கையில் இந்த அளவுகள் பெரும்பாலும் ‘மில்லி ஈக்விவலன்ட்’ கணக்கில் இருக்கும். குளோரைடு 14, சல்பேட் 10 என்பதுதான் மேலே சொன்ன எல்லை. ஆகவே, பயிருக்காக எடுத்த அறிக்கையே வீடு கட்டவும் உதவும். தண்ணீரின் மின்கடத்தும் திறனை மட்டும் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். ஒரே அளவு காட்டும் இரண்டு கிணறுகளில், ஒன்றில் குளோரைடு அதிகமாகவும் இன்னொன்றில் பைகார்பனேட் அதிகமாகவும் இருக்கலாம். தென்னை இந்த எல்லையைத் தாண்டிய தண்ணீரிலும் காய்க்கும். அதை வைத்து ‘நல்ல தண்ணீர்’ என்று நினைத்துவிடக் கூடாது.

ஒரு டேங்கர் போதும்

500 சதுர அடி கூரை, 5 அங்குல கனம் என்றால், ஏறக்குறைய 38 மூட்டை சிமென்ட் பிடிக்கும். மூட்டைக்கு 30 லிட்டர் வீதம் கலவைக்குத் தேவை சுமார் 1,150 லிட்டர்தான். பல லட்சம் செலவாகும் வீட்டுக்கு இது பெரிய செலவே இல்லை. ஆற வைக்கவும் நல்ல தண்ணீரே வேண்டும். சாக்கு விரித்து நனைத்தால் தண்ணீர் மிச்சமாகும். கடைகளில் அதிகம் கிடைக்கும் பி.பி.சி. சிமென்ட்டுக்குக் குறைந்தது 10 நாள், முடிந்தால் 14 நாள் ஈரம் காயாமல் பார்க்க வேண்டும்.

கவனிக்க வேண்டியவை

* கலவை இளக வேண்டும் என்று கூடுதலாகத் தண்ணீர் ஊற்றக் கூடாது. மிஞ்சிய தண்ணீர் காய்ந்த இடமெல்லாம் நுண்துளையாகி, உப்பு உள்ளே போக வழியாகும்.
* கடற்கரை மணலை அப்படியே பயன்படுத்தக் கூடாது.
* கம்பி பலகையில் படாமல் இருக்கக் கவர் பிளாக் வையுங்கள். கடலோரத்தில் கம்பிக்கு வெளியே 45 மில்லிமீட்டர் கான்கிரீட் இருப்பது நல்லது.
* கடலோரத்துக்குப் பி.பி.சி. அல்லது கசடு (ஸ்லாக்) சிமென்ட் ஏற்றது.
* பொட்டாஷ் உரத்தில் குளோரைடு இருக்கிறது. அம்மோனியம் சல்பேட் கான்கிரீட்டில் உள்ள சுண்ணாம்பையே கரைக்கும். உர மூட்டைகளைப் பலகை மேல் அடுக்குங்கள். சிந்தியதை உடனே பெருக்கி எடுங்கள்.

விவசாயிகள் வழக்கமாகக் கேட்பவை

*உப்புத் தண்ணீரைப் படிகாரம் போட்டுத் தெளிய வைத்தால் போதுமா?*

போதாது. படிகாரம் கலங்கலைத்தான் தெளிய வைக்கும். கரைந்த உப்பு அப்படியே இருக்கும். கொதிக்க வைத்தாலும் உப்பு போகாது. தொட்டியில் பிடித்த மழைநீரை, கலங்கல் இல்லாமல் பயன்படுத்தலாம்.

*காரை பெயர்ந்த இடத்தில் மேலே பூசிவிட்டால் சரியாகுமா?*

ஆகாது. பூச்சுக்குள் துரு தொடரும். தளர்ந்த காரையை முழுவதும் கொத்தி எடுத்து, கம்பியைச் சுற்றிலும் துரு போகத் தேய்த்து, மெலிந்த கம்பிக்குப் பக்கத்தில் புதுக் கம்பி சேர்த்த பிறகே பூச வேண்டும். கூரை தொய்ந்திருந்தால் பொறியாளரிடம் காட்டும்வரை அதன் கீழ் யாரும் படுக்கவோ, மாடு கட்டவோ வேண்டாம்.