மருந்து நுழையும் வழி

பிறந்த குழந்தைக்கு நம் அரசு மருத்துவமனைகளில் மூன்று தடுப்பு மருந்துகள் தருகிறார்கள். இடது மேற்கையில் காசநோய்த் தடுப்பு மருந்தான பிசிஜி, தொடையில் ஹெபடைடிஸ்-பி, வாயில் இரண்டு சொட்டு போலியோ மருந்து. மூன்றையும் ஒரே ஊசியில் போட்டால் பிள்ளைக்கு வலி குறையுமே என்று தோன்றுவது இயல்பு. ஆனால் மருந்து எந்த வழியாக நுழைகிறதோ, அதைப் பொறுத்தே நோய் எதிர்ப்பின் நினைவும் உடலில் பதிகிறது.

செவிலியர் பிசிஜி போடும்போது கவனியுங்கள். ஊசியைத் தோலோடு படுக்கவைத்து 0.05 மி.லி. மருந்தை மெல்லச் செலுத்துவார். அந்த இடம் வெளிறிப் புடைக்க வேண்டும். புடைக்காவிட்டால் மருந்து ஆழத்தில் இறங்கிவிட்டது என்று பொருள். கிருமியை விழுங்கி அடையாளம் காட்டும் டென்ட்ரிடிக் செல்கள் தோலில்தான் ஏராளம். அவை வலுவிழந்த காசநோய்க் கிருமியை அக்குளில் உள்ள நிணநீர் முடிச்சுகளுக்குச் சுமந்துபோய், நோய் எதிர்ப்புச் செல்களான டி செல்களிடம் காட்டுகின்றன. செல்லுக்குள் ஒளியும் கிருமியை எதிர்க்கும் திறன் பச்சிளம் குழந்தைக்குக் குறைவு. பிசிஜி அதைத் தூண்டிவிடுகிறது.

ஹெபடைடிஸ்-பி ரத்தத்தில் பரவும் வைரஸ். தாயிடமிருந்து பிரசவத்தின்போதே தொற்றக்கூடும். அதனால் 24 மணி நேரத்துக்குள் தொடைத் தசையில் ஊசி. ரத்தத்தில் எதிர்ப்பொருள் உருவானால் போதும்.

போலியோ கதைதான் என்னை வியக்க வைப்பது. அந்த வைரஸ் பெருகும் இடம் குடல். சொட்டு மருந்தில் உள்ள வலுவிழந்த வைரஸும் குடலில் பெருகி, குடல் சுவரிலேயே எதிர்ப்பொருளைச் சுரக்கச் செய்கிறது. கொல்லப்பட்ட வைரஸைக் கொண்ட போலியோ ஊசியோ ரத்தத்தில் எதிர்ப்பொருளை உண்டாக்கி வாதம் வராமல் காக்கிறது. ஆனால் ஊசி மட்டுமே பெற்ற குழந்தையின் குடலில் வைரஸ் பெருகி, மலத்தில் வெளியேறிப் பிறருக்குத் தொற்றலாம்.

வேலூரில் ஏற்கெனவே சொட்டு மருந்து பெற்றிருந்த குழந்தைகளுக்கு ஒரு போலியோ ஊசி போட்டுப் பார்த்தார்கள். 2014இல் வெளியான அந்த ஆய்வின் முடிவு அருமையானது: தசையில் போட்ட ஊசி குடலின் எதிர்ப்பை உயர்த்தியிருந்தது. சொட்டு மருந்து முன்பே குடலில் பதித்துவைத்த நினைவை ஊசி எழுப்பியிருக்கிறது. சொட்டு மருந்தே காணாத குடலில் எழுப்புவதற்கு அப்படி ஒரு நினைவு இருக்காது.

வேறு குடல் கிருமிகள் குறுக்கிடும் முன்பே பிறந்தவுடன் முதல் சொட்டு கொடுப்பது இதனால்தான். ஆறாவது வாரத்தில் சொட்டு மருந்தோடு போலியோ ஊசியும் சேரும். இந்தியாவில் அதையும் தோலுக்குள்தான் போடுகிறார்கள்; தசைக்குத் தேவைப்படும் அளவில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 0.1 மி.லி.