பிள்ளை பெற்றவள் ஏன் அழுகிறாள்?





தாயில்பட்டியிலிருந்து ஒரு மாமியார் தம் மருமகளை அழைத்து வந்தார். கைக்குழந்தைக்கு ஐந்து வாரம், இரண்டாவதும் பெண். "டாக்டரம்மா, தங்கமான பிள்ளை இவ. இப்போ குணமே மாறிப்போச்சு. பிள்ளை அழுதாலும் திரும்பிப் பார்க்க மாட்டேங்குறா. காத்து கருப்பு அடிச்சிருக்கும்னு கோடாங்கிகிட்டயும் காட்டிட்டோம்" என்றார். அந்தத் தாயோ தலை நிமிரவில்லை. வெகுநேரம் கழித்து, "பெத்த பிள்ளை மேல பாசம் வரலியே, நான் பாவியா?" என்று மட்டும் கேட்டாள்.

இப்படிக் கேட்கும் தாய்மார் நம் சபைகளிலும் உண்டு. ஆகவே இந்த மாதம் அதைப்பற்றி எழுதுகிறோம்.

ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்ட்டிரோன் என்பவை பெண்ணின் உடலில் சுரக்கும் பாலின ஹார்மோன்கள். கர்ப்ப காலத்தில் இவற்றின் அளவு பல மடங்கு உயர்கிறது. நஞ்சுக்கொடி வெளியேறியபின் ஒரு சில நாட்களுக்குள் மளமளவென்று இறங்கிவிடுகிறது. இவை கர்ப்பப்பையில் மட்டும் வேலை செய்பவை அல்ல. மூளையையும் எட்டி, தூக்கம், பதற்றம், மனநிலை ஆகியவற்றைத் தொடுகின்றன. புரோஜெஸ்ட்டிரோனிலிருந்து உண்டாகும் ஒரு பொருள் மூளையை அமைதிப்படுத்தும் தன்மையுடையது. பிரசவத்திற்குப்பின் அதுவும் குறைகிறது. இந்தப் பொருளைப் போலவே வேலை செய்யும் ஒரு மாத்திரைக்கு, பேறுகால மனச்சோர்வுக்கென்றே, 2023-ல் அமெரிக்காவில் அனுமதி அளிக்கப்பட்டது.

பிரசவமான மூன்றாம், நான்காம் நாளில் காரணமின்றி அழுகை வருவது பல தாய்மாருக்கும் உள்ளதுதான். இரண்டு வாரத்திற்குள் அது தானே தெளியும். தெளியாமல் நீடித்தால், தூக்கமும் பசியும் கெட்டால், குழந்தையிடம் ஒட்டுதல் இல்லாமற்போனால், அது மனச்சோர்வு நோய். ஆயிரம் தாய்மாரில் ஓரிருவருக்குப் புத்தி பேதலித்து, இல்லாத குரல்கள் கேட்பதும் உண்டு. இதுவே நம் ஊர்களில் பேய் என்று சொல்லப்பட்டுவிடுகிறது. இந்த நிலையில் ஒரு நாளும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுவர வேண்டும்.

எல்லாத் தாய்மாருக்கும் ஹார்மோன் இறங்குகிறதே, சிலர் மட்டும் ஏன் நோயுறுகிறார்கள்? 2000-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், கர்ப்பமில்லாத 16 பெண்களுக்கு இந்த ஹார்மோன்களைக் கொடுத்து உயர்த்தி, பின்பு திடீரென நிறுத்தினார்கள். முன்பு பேறுகால மனச்சோர்வு கண்டிருந்த 8 பேரில் 5 பேருக்கு மனம் சோர்ந்தது. அது வந்திராத 8 பேரில் ஒருவருக்கும் சோரவில்லை. ஆக, ஹார்மோன் மாற்றத்தைத் தாங்கும் தன்மை ஆளுக்கு ஆள் வேறுபடுகிறது. அது அவரவர் விசுவாசத்தின் அளவுகோல் அல்ல.

ஹார்மோன் மட்டுமே காரணமும் அல்ல. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மருத்துவர்கள், நம் தமிழ்நாட்டுக் கிராமத் தாய்மார் 359 பேரைக் கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் கண்டு, பிரசவத்திற்குப்பின் 6 முதல் 12 வாரங்களுக்குள் மறுபடியும் பார்த்து, 2002-ல் எழுதினார்கள். நூற்றுக்குப் பதினொருவருக்குப் புதிதாக மனச்சோர்வு வந்திருந்தது. குறைந்த வருமானம், மகனை எதிர்பார்த்த இடத்தில் மகள் பிறந்தது, மாமியாரோடும் பெற்றோரோடும் மனக்கசப்பு, கைவேலைக்கு ஒத்தாசை இல்லாமை ஆகியவை அந்த ஆபத்தைக் கூட்டின. பயர் ஆபீஸ் கூலியை நம்பி வாழும் எங்கள் பகுதி வீடுகளை நினைக்கையில் இந்தப் பட்டியல் எங்களுக்குப் புதிதாய்த் தோன்றவில்லை.

ஆண்களுக்கும் இதில் பாடம் உண்டு. பிலிப்பைன்ஸ் நாட்டின் செபு நகரில் 624 ஆண்களை ஆராய்ந்து 2011-ல் வெளியிட்டார்கள். தகப்பனானவர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் என்னும் ஆண் ஹார்மோன் நன்றாகக் குறைந்திருந்தது. தினமும் மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ பிள்ளையைப் பராமரித்தவர்களுக்கு இன்னும் குறைவாக இருந்தது. ஹார்மோன் நம் நடத்தையைத் தொடுவதுபோல, நம் வாழ்க்கையும் ஹார்மோனைத் தொடுகிறது. மனுஷன் சுரப்பிகளின் அடிமை அல்ல.

வேதத்தில் எலியா சூரைச்செடியின்கீழ் படுத்து, சாகவேண்டும் என்று கேட்டதை நாம் அறிவோம். தேவதூதன் அவனைக் கண்டிக்கவில்லை. அடையும் தண்ணீரும் கொடுத்தான், தூங்கவிட்டான், மறுபடியும் வந்து தட்டியெழுப்பிப் போஜனம் கொடுத்தான். சோர்ந்த தாய்க்கு முதலில் வேண்டியதும் இதுவே: சாப்பாடு, தூக்கம், அருகில் ஒரு ஆள். அதோடு, தாய்ப்பால் கொடுக்கும்போதே உட்கொள்ளத்தக்க மருந்துகளும் உண்டு.

அந்தத் தாயிடம், "நீ பாவி இல்லை அம்மா, உனக்கு உடம்பு சரியில்லை" என்று சொன்னோம். மாமியாரைத் தனியே அழைத்து விளக்கினோம். "எனக்கு யாரும் இதைச் சொல்லலியே" என்று அவர் அழுதார். அன்றுமுதல் இரவில் பேத்தியைத் தாமே வைத்துக்கொண்டார். மாத்திரையும் தொடர்ந்தது. மூன்றாம் மாதம் வந்தபோது, குழந்தைக்குத் தாயே கண்மை இட்டிருந்தாள். தேவனுக்கே மகிமை.

உங்கள் காணிக்கையால்தான் எங்கள் நர்ஸ் அம்மாமார் பிரசவமான வீடுகளுக்குப் போய், திண்ணையில் உட்கார்ந்து, "ராத்திரி தூங்குறியாம்மா?" என்று கேட்க முடிகிறது. உங்கள் சபையிலும் பிள்ளை பெற்ற சகோதரி ஒருத்தி இருந்தால், குழந்தையைப் பார்த்துவிட்டுத் தாயையும் ஒரு வார்த்தை விசாரியுங்கள். அவசரமானால் 14416 என்ற அரசின் டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

ஜெபக் குறிப்புகள்:

1. சோர்ந்திருக்கும் தாய்மார் வெட்கமின்றி உதவி கேட்க.
2. பெண் குழந்தைகள் சந்தோஷத்தோடு ஏற்றுக்கொள்ளப்பட.
3. பட்டாசுத் தொழிலாளர் குடும்பங்களின் பாதுகாப்பிற்காக.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் மருத்துவ ஊழியர்கள்