நாயின் இருமலை அற்பமாக எண்ணற்க

வளவையும் பட்டியையும் காக்கும் நாய் இருமித் தும்மினால், "தடுமல்தானே, தானாக மாறிவிடும்" என்று வாளாவிருப்போர் பலர். சாதாரண தொற்றிருமல் 1 முதல் 3 வாரத்தில் மாறுவதுண்டு. ஆனால், டிஸ்டெம்பர் என்னும் கொடிய வைரசு நோயும் இவ்வாறே தொடங்கும். காய்ச்சலுடன் கண்ணிலும் மூக்கிலும் சளி வடியும். பின்னர் வாந்தியும் கழிச்சலும் உண்டாகும். வலிப்புக் காணுதலும் உண்டு. குட்டிகள் பல இதனால் இறந்துபோகின்றன.

இருமும்போது தெறிக்கும் நுண்துளிகளாலும் பொதுப் பாத்திரங்களாலும் இந்நோய் பரவும். ஆதலின், முதல் இருமலைக் கண்டவுடனேயே நாயைக் காற்றோட்டமுள்ள தனியிடத்திற் கட்டுக. அதற்கென வேறு பாத்திரம் வைக்க. நலமுள்ள நாய்களுக்கு முதலில் உணவிட்டு, நோயுற்றதற்கு இறுதியில் இடுக. பின்னர் சவர்க்காரமிட்டுக் கைகழுவுக. மிருக வைத்தியருக்குத் தாமதமின்றி அறிவிக்க. வலிப்பும் வாய்நீர் வடிதலும் விசர்நோயிலும் காணப்படுமாதலின், நாயின் வாயினுட் கையிடல் ஆகாது.

டிஸ்டெம்பர் வைரசை அழிக்கவல்ல மருந்து இல்லை, தடுப்பூசியே காவல். விசர்நோய்த் தடுப்பூசி இட்டாயிற்று என்று சிலர் கவலையற்றிருப்பர். அவ்வூசி விசர்நோயை மட்டுமே தடுக்கும். டிஸ்டெம்பர்த் தடுப்பூசியைக் குட்டியின் 6 முதல் 8 வார வயதில் தொடங்கி, 16 வாரம் நிறையும்வரை 2 முதல் 4 வாரத்துக்கு ஒருமுறை இடுவித்தல் வேண்டும். தாயிடமிருந்து பெற்ற எதிர்ப்புச் சக்தி முதலூசியின் பயனைக் குறைக்கக்கூடும். ஆகவே ஓர் ஊசியுடன் நிறுத்தற்க. அடுத்த ஆண்டிலும், பின்னர் வைத்தியர் கூறும் காலங்களிலும் மீண்டும் இடுவிக்க. ஊசிகள் நிறைவுறும்வரை குட்டியைத் தெருநாய்களுடன் சேரவிடற்க.