தாமதத் தசைவலி

தாமதத் தசைவலி என்பது உடலுக்குப் பழக்கமில்லாத பயிற்சியையோ கடும் உழைப்பையோ செய்த பின்னர், சில மணி நேரம் கழித்துத் தசைகளில் தோன்றும் வலியும் விறைப்பும் ஆகும். பளுப் பயிற்சியைப் புதிதாகத் தொடங்குவோரில் பெரும்பாலோர் இதனை உணர்வர். பயிற்சி முடிந்து 12 முதல் 24 மணி நேரத்தில் தொடங்கும் இவ்வலி, 24 முதல் 72 மணி நேரத்துக்குள் உச்சத்தை அடைந்து, பொதுவாக ஐந்து முதல் ஏழு நாட்களில் தானாகவே மறைகிறது.

இவ்வலி பற்றி இரண்டு தவறான கருத்துகள் பரவலாக உள்ளன. தசையில் தேங்கும் லாக்டிக் அமிலமே வலிக்குக் காரணம் என்பது ஒன்று. வலி மிகுந்தால் தசையும் மிகுதியாக வளரும் என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் ஆய்வு முடிவுகள் ஆதரிக்கவில்லை.

அறிகுறிகள்

ஓய்வாக இருக்கும்போது வலி குறைவாகவே இருக்கும். தசையை அழுத்தும்போதும், நீட்டும்போதும், பயன்படுத்தும்போதும் அது வெளிப்படும். தொடைத் தசைகள் பாதிக்கப்பட்டவருக்குப் படியிறங்குவதும் நாற்காலியில் அமர்வதும் கடினமாகும். கைத்தசைகள் பாதிக்கப்பட்டவரால் முழங்கையை முழுமையாக நீட்ட இயலாமல் போகலாம். சிறு வீக்கமும் காணப்படலாம்.

தசையின் வலிமையும் தற்காலிகமாகக் குறைகிறது. இக்குறைவு வலியைப் போலத் தாமதித்து வருவதில்லை. பயிற்சி முடிந்த உடனேயே தொடங்குகிறது. கடுமையான பயிற்சிக்குப் பின், வலி நீங்கிய பிறகும் வலிமை முழுமையாகத் திரும்பாமல் இருக்கலாம். ஆகையால் வலி இல்லை என்பதை மட்டும் கொண்டு தசை முழுமையாகத் தேறிவிட்டது என்று கூற இயலாது.

பயிற்சியின் போதே சுரீரென்று தோன்றும் வலி தாமதத் தசைவலி அன்று. அது தசைப்பிடிப்பாகவோ, தசைக் கிழிவாகவோ, மூட்டுக் காயமாகவோ இருக்கலாம்.

எவ்வகை இயக்கத்தால் உண்டாகிறது

தசை மூன்று வகைகளில் விசை செலுத்துகிறது. டம்பெல்லைக் கையில் பிடித்து மேலே மடக்கும்போது மேற்கையின் முன்புறத் தசை குறுகியவாறு விசை செலுத்துகிறது. டம்பெல்லை அசையாமல் பிடித்திருக்கும்போது அதன் நீளம் மாறுவதில்லை. டம்பெல்லை மெதுவாகக் கீழே இறக்கும்போது அதே தசை நீண்டவாறு விசை செலுத்தி எடையைத் தாங்குகிறது. இந்த மூன்றாவது வகையான நீட்சி இயக்கமே தாமதத் தசைவலியைப் பெருமளவில் உண்டாக்குகிறது.

1956 ஆம் ஆண்டில் டென்மார்க்கைச் சேர்ந்த உடலியங்கியலாளர் எர்லிங் ஆஸ்முசன் இவ்வேறுபாட்டைச் சோதனை மூலம் காட்டினார். சோதனைக்கு உட்பட்டோர் ஒரு காலால் மேடை மீது ஏறி, மறு காலால் இறங்கினர். ஏறிய காலே கூடுதல் ஆற்றலைச் செலவிட்டது. ஆனால் பின்னர் வலித்தது இறங்கிய கால் ஆகும். மலையேறியவருக்கு இறங்கி வந்த மறுநாள் தொடை வலிப்பதும், பஸ்கி எடுத்தவருக்குக் கீழே அமரும் அசைவினால் தொடை வலிப்பதும் இதே காரணத்தாலேயே.

லாக்டிக் அமிலக் கருத்து

1907 ஆம் ஆண்டில் வால்டர் பிளெட்சர், பிரெடெரிக் கௌலண்ட் ஹாப்கின்ஸ் ஆகியோர் தவளைத் தசைகளைக் கொண்டு செய்த ஆய்வில், உயிர்வளி இன்றிச் சுருங்கிக் களைப்படையும் தசையில் லாக்டிக் அமிலம் சேர்வதைக் கண்டறிந்தனர். களைப்புடன் தொடர்புபடுத்தப்பட்ட இப்பொருளே மறுநாள் தோன்றும் வலிக்கும் காரணம் என்ற எண்ணம் பிற்காலத்தில் வேரூன்றியது.

எனினும் பயிற்சியின் போது குருதியில் உயரும் லாக்டேட்டு அளவு, பயிற்சி முடிந்த ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் இயல்பு நிலைக்குத் திரும்பிவிடுகிறது. இரண்டு நாள் கழித்து உச்சம் பெறும் வலியை அதனால் விளக்க முடியாது. 1983 ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு இதனைத் தெளிவாக்கியது. சமதளத்தில் ஓடியவர்களின் குருதியில் லாக்டேட்டு உயர்ந்தது. ஆனால் அவர்களுக்குத் தாமத வலி உண்டாகவில்லை. சரிவில் இறங்கி ஓடியவர்களுக்கு லாக்டேட்டு உயரவில்லை; ஆனால் குறிப்பிடத்தக்க வலி உண்டானது.

வலி உண்டாகும் விதம்

அமெரிக்க உடலியங்கியலாளர் தியோடர் ஹஃப், 1902 ஆம் ஆண்டிலேயே, இவ்வலிக்குத் தசையினுள் ஏற்படும் சிதைவுகளே அடிப்படை என்று கருத்துரைத்தார். எட்டு பத்தாண்டுகளுக்குப் பின், 1981 ஆம் ஆண்டில் சுவீடனில் யான் பிரிடேன் குழுவினர், பலமுறை படியிறங்கியவர்களின் கெண்டைக்காலிலிருந்து எடுத்த தசைத் துணுக்குகளை நுண்நோக்கியால் ஆராய்ந்தனர். தசை நுண்ணிழைகளின் சுருங்கும் அலகுகளை ஒன்றோடொன்று இணைக்கும் 'இசட் தட்டு' என்னும் பகுதிகள் ஒழுங்கு குலைந்திருப்பதை அவர்கள் கண்டனர்.

நீட்சி இயக்கத்தின் போது குறைந்த எண்ணிக்கையிலான தசையிழைகளே மிகுந்த விசையைத் தாங்குகின்றன. இதனால் சில அலகுகள் அளவுக்கு மீறி நீண்டு குலைகின்றன. தொடர்ந்து அழற்சி வினைகள் நிகழ்கின்றன. வெள்ளணுக்கள் பழுதுற்ற பகுதிகளை அகற்றுகின்றன. தசையைச் சூழ்ந்துள்ள இணைப்பிழையமும் இதில் பங்கு பெறுகிறது. இவ்வேளையில் உருவாகும் வேதிப்பொருட்கள் வலியுணர் நரம்பு முனைகளைக் கூருணர்வு உடையனவாக மாற்றுகின்றன. பிராடிகைனின், நரம்பு வளர்ச்சிக் காரணி ஆகியவை இவ்வாறு செயற்படுவதை எலிகளில் நடந்த ஆய்வுகள் காட்டியுள்ளன. இயல்பாக வலி தராத சிறு அழுத்தமும் அசைவும் அப்போது வலியாக உணரப்படுகின்றன. இம்மாற்றங்கள் நிகழ நேரம் ஆவதே வலி தாமதித்துத் தோன்றக் காரணம் ஆகும்.

வலியின் அளவும் தசைச் சிதைவின் அளவும் ஒன்றுக்கொன்று பொருந்துவதில்லை. தசையிலிருந்து குருதிக்குள் கசியும் கிரியாட்டின் கைனேசு என்னும் நொதி மிக உயர்ந்திருந்தும் வலி குறைவாக உணர்வோர் உண்டு. நொதி சற்றே உயர்ந்திருக்க, வலி மிகுதியாக உணர்வோரும் உண்டு.

மறுமுறைப் பாதுகாப்பு

ஒரே பயிற்சியை ஒன்றிரண்டு வாரங்கள் கழித்து மீண்டும் செய்தால், வலியும் வலிமைக் குறைவும் முதல்முறையைவிட மிகக் குறைவாக இருக்கும். இது மறுமுறைப் பாதுகாப்பு விளைவு எனலாம். முழங்கையை மடக்கும் தசைகளில் ஒரே ஒரு கடும் நீட்சிப் பயிற்சி தந்த பாதுகாப்பு ஆறு மாதம் வரையிலும் ஓரளவு நீடித்ததை, கசுனோரி நொசாகா குழுவினர் 2001 ஆம் ஆண்டில் காட்டினர். நரம்புகள் தசையிழைகளை ஈடுபடுத்தும் முறை மாறுவது, தசையிழைகளும் இணைப்பிழையமும் விசைக்கு ஏற்பத் தகவமைவது ஆகியன இதற்குக் காரணங்களாகக் கருதப்படுகின்றன.

இவ்விளைவைப் பெற முதல் நாளே தசையை வருத்த வேண்டியதில்லை. எளிய பயிற்சியும் பின்னர் வரும் கடும் பயிற்சியிலிருந்து ஓரளவு பாதுகாப்புத் தருகிறது. எனினும் ஒரு தசை பெற்ற பாதுகாப்பு உடல் முழுவதற்கும் உரியதன்று. பல ஆண்டுகள் ஓட்டப்பயிற்சி செய்தவருக்கும் முதல்முறை தண்டால் எடுத்த பின் மார்பு வலிக்கலாம்.

வலியும் தசை வளர்ச்சியும்

வலி இல்லையேல் வளர்ச்சி இல்லை என்னும் கருத்து உடற்பயிற்சிக் கூடங்களில் பரவலாகக் காணப்படுகிறது. 2011 ஆம் ஆண்டில் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு இதனை நேரடியாகச் சோதித்தது. ஒரு குழுவினர் நேரடியாகக் கடும் நீட்சிப் பயிற்சியைத் தொடங்கினர். மற்றொரு குழுவினர் மூன்று வாரங்கள் சிறிது சிறிதாகப் பழகிய பின்னர் அப்பயிற்சிக்கு வந்தனர். முதற் குழுவினருக்கே வலியும் தசைச் சிதைவின் அறிகுறிகளும் மிகுதியாக இருந்தன. ஆனால் தசை அளவிலும் வலிமையிலும் இரு குழுவினரும் ஏறத்தாழ ஒரே அளவு முன்னேற்றம் கண்டனர்.

2016 ஆம் ஆண்டில் வெளியான பிரேசில் நாட்டு ஆய்வொன்று, பளுப் பயிற்சியைப் புதிதாகத் தொடங்கிய இளைஞர்களைப் பத்து வாரங்கள் கவனித்தது. தொடக்கத்தில் தசையில் புரத உருவாக்கம் மிகுதியாக இருந்தும், அது பெரும்பாலும் சிதைவைச் சீர்செய்யவே பயன்பட்டது. சுமார் மூன்று வாரங்களில் சிதைவு தணிந்த பின்னரே, புரத உருவாக்கம் தசை வளர்ச்சியுடன் தொடர்பு கொண்டதாக அமைந்தது. எனவே வலி என்பது பழக்கமில்லாத சுமையின் அடையாளமே அன்றி, வளர்ச்சியின் அளவுகோல் அன்று. சில வாரங்களில் வலி நின்றுவிடுவதைப் பயிற்சி பயனற்றுப் போனதாகக் கருதி, எடையைத் திடீரென உயர்த்துவது தேவையற்றது.

வலியைக் குறைக்கும் முறைகள்

வலியை உடனே நீக்கும் உறுதியான சிகிச்சை எதுவும் இல்லை. கீழ்க்காணும் முறைகள் ஆராயப்பட்டுள்ளன.

* மிதமான அசைவு: நடத்தல், மிதிவண்டி ஓட்டுதல் போன்ற எளிய இயக்கம் வலியைத் தற்காலிகமாகத் தணிக்கும். இயக்கம் நின்றபின் வலி திரும்பலாம்.
* தசை நீட்டல்: 2011 ஆம் ஆண்டில் வெளியான கொக்ரேன் மீளாய்வு 12 ஆய்வுகளைத் தொகுத்தது. பயிற்சிக்கு முன்னும் பின்னும் செய்யும் நீட்டல், 100 புள்ளி கொண்ட வலி அளவீட்டில் ஏறத்தாழ ஒரு புள்ளி அல்லது அதற்கும் குறைவாகவே வலியைக் குறைத்தது.
* பிடித்துவிடுதல்: தசைகளைப் பிடித்துவிடுவது வலியை ஓரளவு குறைப்பதாகப் பல ஆய்வுகள் காட்டுகின்றன.
* குளிர்நீரில் அமிழ்தல்: இது வலியைக் குறைக்கக்கூடும். ஆனால் 2015 ஆம் ஆண்டில் வெளியான 12 வார ஆய்வொன்றில், ஒவ்வொரு பளுப் பயிற்சிக்குப் பின்னும் குளிர்நீரில் அமிழ்ந்தவர்களின் தசை வளர்ச்சியும் வலிமைப் பேறும் மற்றவர்களைவிடக் குறைந்திருந்தன.
* வலிநிவாரணிகள்: ஐபுபுரூபன் போன்ற மருந்துகளின் பயன் குறித்த முடிவுகள் ஒன்றுபோல் இல்லை. உடலில் நீர் குறைந்த நிலையில் இவை சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும்.

போதிய உறக்கமும் புரதம் நிறைந்த உணவும் தசை சீரடையத் தேவையானவை. எனினும் புரதம் உண்பதால் வலி விரைவில் மறையும் என்று எதிர்பார்க்க இயலாது.

பயிற்சியைத் தொடங்கும் முறை

அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கழகம் 2009 ஆம் ஆண்டில் வெளியிட்ட பரிந்துரையின்படி, புதியவர்கள் வாரத்தில் இரண்டு அல்லது மூன்று நாட்கள் பயிற்சி செய்யலாம். ஒருமுறை மட்டும் தூக்கக்கூடிய உச்ச எடையில் 60 முதல் 70 விழுக்காட்டைக் கொண்டு, 8 முதல் 12 தடவைகள் செய்வது போதுமானது. முதல் ஓரிரு வாரங்களில் இதனினும் குறைந்த எடையுடனும், ஒவ்வொரு பயிற்சியையும் ஓரிரு சுற்றுகளுடனும் நிறுத்திக்கொண்டால் வலி பெருமளவு குறையும்.

இலேசான வலி இருக்கும்போது பயிற்சி செய்வது பொதுவாகத் தீங்கற்றது. அப்போது எடையைக் குறைக்கலாம்; அல்லது வேறு தசைகளுக்கான பயிற்சியைச் செய்யலாம். வலியால் அசைவு முறை மாறுமளவுக்கு இருந்தால், அத்தசைக்கு ஓய்வு தருவதே நன்று.

எச்சரிக்கை அறிகுறிகள்

அரிதாக, அளவு கடந்த பயிற்சியால் தசையிழைகள் பெருமளவில் சிதைந்து, அவற்றின் உட்பொருட்கள் குருதியில் கலக்கின்றன. இந்நிலை ராப்டோமயோலைசிசு எனப்படும். தசைப் புரதமான மயோகுளோபின் சிறுநீரகங்களைப் பழுதாக்கலாம். பொட்டாசியம் மிகுதியால் இதயத் துடிப்பும் பாதிக்கப்படலாம். 1941 ஆம் ஆண்டில், இலண்டன் குண்டுவீச்சில் இடிபாடுகளுக்குள் நசுங்கியவர்களிடம் தசைச் சிதைவால் சிறுநீரகம் செயலிழப்பதை பைவாட்டர்சும் பீலும் விவரித்தனர். தசை சிதைவதற்கான காரணம் வேறாயினும், உடற்பயிற்சியால் உண்டாகும் நிலையிலும் சிறுநீரகத்துக்கு நேரும் ஆபத்து இத்தன்மையதே.

நெடுநாள் இடைவெளிக்குப் பின் முதல் நாளே நூற்றுக்கணக்கான பஸ்கி எடுத்தல், கடும் வெப்பத்தில் நீர் அருந்தாமல் பயிற்சி செய்தல் ஆகியன இவ்வாபத்தைக் கூட்டுகின்றன. கொழுப்பைக் குறைக்கும் இசுட்டாட்டின் மருந்துகளை உட்கொள்வோரும், அரிவாளணுப் பண்புக்கூறு உடையோரும் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும்.

பின்வருவனவற்றுள் ஏதேனும் ஒன்று தோன்றினால், வலி தானே போய்விடும் என்று காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

* சிறுநீர் தேநீர் போன்றோ கோலா பானம் போன்றோ கருத்திருத்தல், அல்லது மிகக் குறைந்துபோதல்
* செய்த பயிற்சிக்குப் பொருந்தாத அளவு கடும் வலி
* கை அல்லது காலில் மிகுந்த வீக்கமும் இறுக்கமும்
* கை, கால்களை அசைக்க இயலாத அளவு தளர்ச்சி

இவ்வறிகுறிகள் அனைத்தும் ஒருங்கே தோன்ற வேண்டும் என்பதில்லை. சிறுநீரின் நிறம் மாறாமலும் இந்நிலை உண்டாகக்கூடும். குருதியில் கிரியாட்டின் கைனேசு அளவைச் சோதித்து மருத்துவர் இதனை உறுதி செய்வார். உரிய நேரத்தில் நரம்பு வழியாக நீர்மம் செலுத்திச் சிகிச்சை அளித்தால், பெரும்பாலோர் முழுமையாகக் குணமடைகின்றனர்.