ஜவ்வாது மலை அடிவாரத்தில் ஒரு தையல் பள்ளி: ரீல்ஸ் பார்க்கும் நமக்குக் கைவேலை எதற்கு?

உங்கள் போனில் 'சேவ்' செய்து வைத்திருக்கும் வீடியோக்களை ஒருமுறை திறந்து பாருங்கள். களிமண்ணில் டீ கப் செய்வது, பழைய ஜீன்ஸை வெட்டிப் பை தைப்பது, க்ரோஷே ஊசியில் பூ பின்னுவது... ஒரு முப்பது, நாற்பது இருக்குமா? அதில் எத்தனையை நாம் செய்து பார்த்திருக்கிறோம்?

பெரும்பாலானோரின் பதில், ஒன்றுகூட இல்லை என்பதுதான். ஏன் என்று கேட்டால் மூன்று காரணங்கள் வரும். 'எங்கே டைம் இருக்கு?', 'எனக்கு அதெல்லாம் வராது', 'கடையில நூறு ரூபாய்க்குக் கிடைக்குது, எதுக்கு மெனக்கெடணும்?'

மூன்றுமே நியாயமாகத்தான் தெரிகின்றன. ஆனால், ஜவ்வாது மலை அடிவாரத்திலும் அதற்குத் தெற்கே உள்ள சித்தேரி மலைப் பக்கத்திலும் நடந்துகொண்டிருப்பதைப் பார்த்தால், இவற்றைக் கொஞ்சம் மறுபரிசீலனை செய்யத் தோன்றும்.

புளியானூரில் என்ன நடக்கிறது?

ஜவ்வாது மலை, கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி. வேலூர், திருப்பத்தூர், திருவண்ணாமலை மாவட்டங்களில் பரந்து கிடக்கிறது. காவலூர் வானியல் ஆய்வகம், ஜமுனாமரத்தூர், பீமன் அருவி என்று சொன்னால் பலருக்குச் சட்டென்று பிடிபடும். மலை மேல் வாழ்பவர்களில் பெரும்பாலோர் மலையாளி பழங்குடியினர். பெயரைப் பார்த்துக் கேரளம் என்று நினைத்துவிட வேண்டாம். 'மலையை ஆள்பவர்கள்' என்று பொருள் சொல்வார்கள், பேசுவது தமிழ். சாமை, கேழ்வரகு, புளி, தேன்தான் மலையின் பாரம்பரிய வரும்படி.

திருவண்ணாமலையிலிருந்து செங்கம் வழியாக ஊத்தங்கரை போகும் சாலையில் சிங்காரப்பேட்டை வரும். அதன் அருகே, மலையின் அடிவாரத்தில் இருக்கிறது புளியானூர் கிராமம். இங்கேதான் சிவராஜும் அவருடைய நண்பர்களும் சேர்ந்து உருவாக்கிய 'குக்கூ காட்டுப்பள்ளி' இயங்குகிறது. 'தும்பி' சிறுவர் இதழையும், தன்னறம் நூல்வெளி வெளியிடும் புத்தகங்களையும் வாசித்தவர்களுக்கு இந்தப் பெயர் பழக்கமானதுதான். குழந்தைகள் பாடம் ஒப்பிப்பதைவிட, கையால் ஒன்றைச் செய்து பார்ப்பதற்கு முக்கியத்துவம் கொடுக்கும் இடம் இது.

இதன் ஒரு கிளைதான் 'துவம்' என்கிற தையல் பள்ளி. சுற்றுவட்டாரக் கிராமத்துப் பெண்கள் இங்கே தையல் கற்றுக்கொண்டு பருத்தித் துணியில் பைகள் போன்றவற்றைத் தைக்கிறார்கள். இதே நண்பர்கள் வட்டத்தைச் சேர்ந்தவர் சிவகுருநாதன். ஐ.டி. வேலையை விட்டுவிட்டுக் கைத்தறிக்கு வந்தவர். அவர் தொடங்கியது 'நூற்பு'.

இந்த யோசனை புதிதல்ல. 1937-ல் வார்தாவில் நடந்த கல்வி மாநாட்டில் காந்தி முன்வைத்த ஆதாரக் கல்வியின் அடிப்படையே இதுதான். கைத்தொழிலைத் தனி வகுப்பாக ஒதுக்கி வைக்கக் கூடாது. அதன் வழியாகவே கணக்கு, அறிவியல், மொழி எல்லாம் கற்க வேண்டும் என்றார். நம் பள்ளிகளில் அது கடைசியில் 'கிராஃப்ட் பீரியட்' என்று சுருங்கியது. அந்தப் பீரியடையும் கணக்கு வாத்தியார் கடன் வாங்கிக்கொண்டார்!

ஒரு தையல் மெஷினுக்கு இவ்வளவு முக்கியத்துவமா?

நகரத்தில் இருப்பவர்களுக்குக் கைவேலை என்றால் பொழுதுபோக்கு. மலை அடிவாரத்தில் அதன் கனமே வேறு.

2015 ஏப்ரல் 7-ம் தேதி ஆந்திராவின் சேஷாசலம் காட்டில் தமிழ்நாட்டைச் சேர்ந்த 20 தொழிலாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்டது நினைவிருக்கலாம். செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்றது ஆந்திர போலீஸ். இறந்தவர்களில் பெரும்பாலோர் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டங்களைச் சேர்ந்தவர்கள். ஜவ்வாது மலை, சித்தேரி மலைக் கிராமங்களின் பெயர்கள் அப்போதுதான் தலைப்புச் செய்திகளில் அடிபட்டன.

மானாவாரி நிலம் ஒரு போகத்துக்கு மேல் கைகொடுக்காத ஊரில், மற்ற மாதங்களில் என்ன செய்வது? கட்டட வேலைக்கோ, தோட்ட வேலைக்கோ, ஏஜென்ட் கூப்பிடும் இடத்துக்கோ போக வேண்டியதுதான். ஒரு தையல் பள்ளி இதையெல்லாம் மாற்றிவிடும் என்று சொன்னால் அது மிகை. ஆனால், ஊரை விட்டுப் போகாமல், பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டே செய்யக்கூடிய வேலை ஒன்று உள்ளூரிலேயே இருக்கிறது என்பது அந்த வீட்டுக்குச் சின்ன விஷயம் இல்லை.

'எனக்கு அதெல்லாம் வராது': இரண்டு மூதாட்டிகள் சொன்ன பதில்

ஜவ்வாது மலைக்குத் தெற்கே, அரூர் பக்கம், சித்தேரி மலைக்கும் கல்வராயன் மலைக்கும் நடுவே இருக்கிறது சிட்டிலிங்கி பள்ளத்தாக்கு. மருத்துவத் தம்பதியான ரெஜி ஜார்ஜ், லலிதா ரெஜி இருவரும் 1993-ல் அங்கே பழங்குடியினர் நலனுக்காக ஒரு மருத்துவமனையைத் தொடங்கினார்கள்.

அந்தப் பள்ளத்தாக்கில் லம்பாடி மக்களின் தண்டாக்களும் இருக்கின்றன. கண்ணாடித் துண்டு, சோழி, பல நிற நூல் எல்லாம் வைத்து லம்பாடிப் பெண்கள் போடும் எம்ப்ராய்டரி புகழ்பெற்றது. ஆனால், சிட்டிலிங்கியில் அது கிட்டத்தட்ட மறைந்தே போயிருந்தது. பாவாடைக்குப் பதில் சேலை வந்தது, வேலைக்கு வெளியூர் போக வேண்டியிருந்தது, ஊசி எடுக்க ஆளில்லை. லலிதா ரெஜி விசாரித்தபோது, பழைய தையல் வகைகள் சரியாகத் தெரிந்தவர்கள் என்று மிஞ்சியிருந்தது இரண்டு வயதான பெண்கள் மட்டுமே.

யோசித்துப் பாருங்கள். அந்த இருவரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்காமல் போயிருந்தால், பல தலைமுறைகளின் கைப்பழக்கம் ஒரு பத்து, பதினைந்து ஆண்டுகளில் துடைத்தெறியப்பட்டிருக்கும். கைவேலை இருப்பது விரல்களில். புத்தகத்தில் படம் இருந்தாலும், நூலை எவ்வளவு இழுக்க வேண்டும், எங்கே தளர்த்த வேண்டும் என்பது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால்தான் வரும்.

அவர்கள் சொல்லிக்கொடுத்தார்கள். இளம் பெண்கள் கற்றுக்கொண்டார்கள். அப்படி உருவானதுதான் 'போர்கை' கைவினைஞர்கள் சங்கம். லம்பாடி மொழியில் 'போர்கை' என்றால் பெருமிதம். இன்று ஐம்பதுக்கும் மேற்பட்ட பெண்கள் அதில் வேலை செய்கிறார்கள்.

இதில் நமக்கு ஒரு செய்தி இருக்கிறது. கற்றுக்கொண்ட பெண்கள் யாரும் பிறவிக் கலைஞர்கள் இல்லை. வயலுக்கும் கூலி வேலைக்கும் போய்க்கொண்டிருந்தவர்கள். 'வரும், வராது' என்பது பிறப்பில் எழுதி வைத்தது இல்லை; எத்தனை நாள் உட்கார்ந்தோம் என்பதைப் பொறுத்தது.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

அமெரிக்காவின் ட்ரெக்ஸல் பல்கலைக்கழகத்தில் கிரிஜா கைமல் தலைமையில் நடந்த ஆய்வு 2016-ல் வெளியானது. 39 பேருக்குக் காகிதம், ஸ்கெட்ச் பேனா, களிமண் எல்லாம் கொடுத்து, 45 நிமிடம் 'இஷ்டப்பட்டதைச் செய்யுங்கள்' என்று விட்டுவிட்டார்கள். முன்பும் பின்பும் உமிழ்நீரை எடுத்து, மன அழுத்தத்தோடு தொடர்புடைய கார்டிசால் ஹார்மோனை அளந்தார்கள். சுமார் 75 சதவீதம் பேருக்கு அது குறைந்திருந்தது. ஏற்கெனவே வரையத் தெரிந்தவர், தெரியாதவர் என்று இதில் பெரிய வித்தியாசம் இல்லை.

சின்ன ஆய்வுதான். கார்டிசால் குறையாதவர்களும் அதில் உண்டு. 'கைவேலை செய்தால் டென்ஷன் போய்விடும்' என்று இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஆனால், 'நன்றாக வந்தால்தான் பலன்' என்கிற நம் பயத்துக்கு இது ஒரு பதில்.

நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தில் தாம்லின் கானர் குழுவினர் 658 இளைஞர்களை 13 நாட்கள் தினமும் குறிப்பு எழுத வைத்தார்கள். வழக்கத்தைவிடக் கூடுதலாக எதையாவது படைத்த நாளுக்கு மறுநாள், அவர்கள் அதிக உற்சாகத்தோடு இருந்தது தெரிந்தது. அங்கே 'படைப்பு' என்று அவர்கள் குறிப்பிட்டவை ரொம்பச் சாதாரணமானவை: பின்னல் வேலை, புதுச் சமையல் குறிப்பு, படம் வரைவது, பாட்டு எழுதுவது போன்றவை.

'நூறு ரூபாய்க்குக் கிடைக்குதே': விலையின் கணக்கு என்ன?

கண்காட்சியில் ஒரு எம்ப்ராய்டரி பையை எடுத்து, 800 ரூபாய் என்று பார்த்ததும் வைத்துவிடுகிறோம். ஒரு உதாரணக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எம்ப்ராய்டரிக்கு 6 மணி நேரம் ஆகிறது, மணிக்கு 60 ரூபாய் கூலி என்று வைத்துக்கொண்டால் 360 ரூபாய். துணி, நூல், உள்துணி, பை தைக்கும் கூலி எல்லாம் சேர்த்து 200. மொத்தம் 560. அதற்கு மேல் பேக்கிங், வண்டி வாடகை, கடை வாடகை, வரி. 800-ல் கொள்ளை லாபம் எங்கே இருக்கிறது? மணிக்கு 60 ரூபாய் என்பதே நாம் ஒரு காபிக் கடையில் கொடுப்பதைவிடக் குறைவு.

இதே பையை 400-க்குக் கேட்டால், குறைவது கடை வாடகையோ வரியோ இல்லை. அந்தப் பெண்ணின் மணிக்கூலிதான் குறையும். 2019-20 கைத்தறிக் கணக்கெடுப்பின்படி நாட்டில் 35 லட்சத்துக்கும் மேற்பட்டோர் கைத்தறித் தொழிலை நம்பியிருக்கிறார்கள். அவர்களில் 70 சதவீதத்துக்கும் மேல் பெண்கள். பேரம் யார் தலையில் போய் விழுகிறது என்பதை இந்த எண்ணிக்கையே சொல்லிவிடும்.

சரி, அசலா என்று எப்படிப் பார்ப்பது? எம்ப்ராய்டரியைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்கள். கையால் போட்டதில் முடிச்சும், நூல் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் தாவியதும் தெரியும். மெஷினில் போட்டதில் பின்பக்கம் ஒரே சீராக இன்னொரு நூல் ஓடும். கைத்தறித் துணி என்றால், 2006-ல் மத்திய அரசு கொண்டுவந்த கைத்தறி முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். யார் செய்தது, எந்த ஊர் என்று விற்பவரிடம் கேளுங்கள். நேரடியாக வாங்குபவர் என்றால் உடனே பதில் வரும்.

'டைம் இல்ல': எங்கிருந்து தொடங்குவது?

பெரிய செலவு எதுவும் வேண்டாம். க்ரோஷே கிட், பாட்டரி வகுப்பு என்று காசைக் கொட்டிவிட்டு மூன்றாம் வாரம் நிறுத்துவதுதான் வழக்கமாக நடப்பது. அதற்குப் பதிலாக:

• சரிசெய்வதில் ஆரம்பியுங்கள். அறுந்த பட்டன், பிரிந்த தையல், கிழிந்த பாக்கெட். ஊசி, நூல் போதும். பத்து நிமிடத்தில் முடியும்; பலன் உடனே தெரியும்.

• வீட்டில் கேளுங்கள். நம் அம்மா, சித்தி, அத்தைகளில் பலர் ஒரு காலத்தில் பிளாஸ்டிக் வயர் கூடை பின்னியவர்கள். 'சிவன் கண்', 'நெல்லிக்காய்', 'பிஸ்கட்' என்று முடிச்சுகளுக்கே பெயர் உண்டு. 'சொல்லிக்கொடும்மா' என்று கேட்டுப் பாருங்கள். சிட்டிலிங்கியில் நடந்ததும் இதேதான்.

• இருபது நிமிடம், போன் வேறு அறையில். வாரத்துக்கு மூன்று நாள் போதும். கைக்கு வேலை இருக்கும்போது போனைத் தேடும் அரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும்.

• முதல் ஐந்தாறு கோணலாகத்தான் வரும். வரட்டும். தேதி எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஏழாவது வரும்போது முதலாவதை எடுத்துப் பார்க்கலாம்.

• உடனே விற்கப் பார்க்காதீர்கள். நன்றாக வந்ததும் 'பேஜ் ஆரம்பி, ஆர்டர் எடு' என்று நண்பர்கள் கிளப்பிவிடுவார்கள். காசுக்காகச் செய்வது தவறில்லை. புளியானூரிலும் சிட்டிலிங்கியிலும் அது சோறு போடுகிறது. ஆனால், மாதச் சம்பளம் வாங்கும் ஒருவருக்கு, டார்கெட் இல்லாத ஒரு வேலையாவது வாழ்க்கையில் இருக்கட்டுமே.

விற்காத, பதிவு போடாத கலை எப்படி இருக்கும் என்று சந்தேகம் வந்தால் காலையில் வாசலுக்குப் போய்ப் பாருங்கள். புள்ளி வைத்துக் கோலம் போடும் அக்காவோ பாட்டியோ அதை விற்கப்போவதில்லை. மதியத்துக்குள் வண்டிச் சக்கரமும் எறும்பும் அழித்துவிடும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். நாளை வேறு கோலம்.

அப்புறம், அந்த 'சேவ்' ஃபோல்டர். இந்த வார இறுதியில் அதிலிருந்து ஒன்றே ஒன்றை எடுத்துச் செய்து பாருங்கள். மற்றவற்றை அழித்தாலும் நஷ்டமில்லை.