ஏழு ஆசன வண்டியும் இளங்குழந்தைகளும்

கினிகத்தேனையிலிருந்து எத்திசையிற் புறப்பட்டாலும் மலைச்சாலையே எதிர்ப்படுகின்றது. அவிசாவளையிலிருந்து ஹட்டன் வழியாக நுவரெலியா செல்லும் பெருந்தெரு இவ்வூரினூடாகவே ஏறுகின்றது. கித்துல்கலைப் பக்கம் இறங்கினாலும், வட்டவளைப் பக்கம் ஏறினாலும், நாவலப்பிட்டிக்குத் திரும்பினாலும் வளைவுகளுக்குக் குறைவில்லை. அயலிலுள்ள வட்டவளை ஆண்டொன்றுக்கு 5,000 மில்லிமீற்றருக்கும் அதிகமான மழையைப் பெறும் இடம். இத்தகைய நாட்டில் மூன்று சிறு பிள்ளைகளையுடைய ஒரு குடும்பம் ஏழு ஆசனங்கள் கொண்ட வண்டி ஒன்றை வாங்க எண்ணினால், எவற்றை ஆராய்ந்து பார்த்தல் வேண்டும்?

பெரும்பாலோர் முதலில் விலையைக் கேட்கின்றனர். அடுத்து எரிபொருட் செலவைக் கேட்கின்றனர். இரண்டும் நியாயமான கேள்விகளே. ஆனால், எந்த ஆசனத்தில் எந்தப் பிள்ளை அமரும் என்ற கேள்வியை வண்டி வீட்டு முற்றத்துக்கு வந்த பின்னரே பலர் எழுப்புகின்றனர். உண்மையில் இதுவே முதலில் எழவேண்டிய கேள்வியாகும்.

நம் நாட்டில் தாயின் மடியே குழந்தையின் ஆசனம் என்பது நெடுநாள் வழக்கம். அன்பினால் வந்த வழக்கம் அது. எனினும் இயற்கையின் விதி அன்பை அறியாது. மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும் வண்டி எதனோடேனும் மோதிப் பத்திலொரு விநாடியில் நின்றுவிடுவதாகக் கொள்ளலாம். அந்நேரத்தில் 10 கிலோ எடையுள்ள குழந்தையைப் பிடித்து நிறுத்துவதற்கு ஏறத்தாழ 140 கிலோ பாரத்தைத் தாங்கும் வலிமை வேண்டும். எந்தத் தாயின் கைக்கும் அவ்வலிமை இல்லை. ஒரே பட்டிக்குள் தாயும் குழந்தையும் சேர்ந்திருப்பதோ இன்னும் கொடியது. தாயின் பாரம் முழுவதும் குழந்தையின் மேலேயே அழுந்தும்.

தோளையும் இடுப்பையும் சேர்த்துப் பிணைக்கும் மும்முனை ஆசனப்பட்டியைச் சுவீடன் நாட்டு வொல்வோ நிறுவனத்தின் பொறியியலாளர் நீல்ஸ் போலின் 1959ஆம் ஆண்டில் உருவாக்கினார். அதே நாட்டைச் சேர்ந்த பேராசிரியர் பெர்ட்டில் ஆல்ட்மன் வடிவமைத்த, பின்னோக்கிய குழந்தை ஆசனம் 1964ஆம் ஆண்டில் வண்டியிற் பொருத்திச் சோதிக்கப்பட்டது. குழந்தையின் தலை உடலை நோக்கப் பெரியது, கழுத்தோ மெலிந்தது. முகம் பின்னோக்கியிருந்தால் மோதலின் விசையை முதுகு முழுவதும் பகிர்ந்து தாங்குகின்றது. ஆகவேதான் ஐக்கிய நாடுகளின் இன்றைய தொழில்நுட்ப விதிகள், குறைந்தது 15 மாதம் வரையிற் குழந்தை பின்னோக்கியே இருக்கவேண்டும் எனக் கூறுகின்றன. காற்றுப்பை இயங்கும் முன்னாசனத்தில் இத்தகைய ஆசனத்தை ஒருபோதும் வைத்தலாகாது.

இனி, வண்டியைப் பார்க்கலாம். இலங்கையில் 2020ஆம் ஆண்டு மார்ச் மாதம் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி, 2025ஆம் ஆண்டு பெப்ரவரியிலேயே மீண்டும் திறக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் பழைய வண்டிகளே கைமாறின. ரொயோட்டா சியென்டா, ஹொண்டா பிறீட், ரொயோட்டா நோவா ஆகிய யப்பானிய வண்டிகள் இவ்வகையிற் பலரும் அறிந்தவை. எதை வாங்கினாலும் ஆசனங்களை மட்டும் எண்ணுதல் போதாது, பட்டிகளையும் எண்ணவேண்டும். ஒவ்வோர் இடத்திலும் மும்முனைப் பட்டி உண்டா, இடுப்புப் பட்டி மட்டுந்தானா? மூன்றாம் வரிசையில் தலையணை உண்டா? குழந்தை ஆசனத்தைக் கொளுவும் ஐசோபிக்ஸ் எனப்படும் இரும்பு வளையங்கள் எவ்விடத்தில் உள்ளன? அவை பெரும்பாலும் இரண்டாம் வரிசையின் இரு ஓரங்களிலேயே இருக்கும்.

இங்கேதான் சிக்கல் தோன்றுகின்றது. இரண்டாம் வரிசையின் இரு ஓரங்களிலும் குழந்தை ஆசனங்களைப் பொருத்திவிட்டால், அவ்வரிசையை மடித்து மூன்றாம் வரிசைக்குச் செல்லும் வழி பல வண்டிகளில் அடைபட்டுவிடும். நடுவிலுள்ள குறுகிய இடத்தில் பெரியவர் ஒருவர் இருப்பதும் அரிது. தந்தை, தாய், முழங்கால் வலியுள்ள பாட்டி, எட்டு வயது, நான்கு வயது, ஆறு மாதம் என மூன்று பிள்ளைகள் உள்ள குடும்பம் ஒன்றை உதாரணமாகக் கொள்ளலாம். தந்தை வண்டியைச் செலுத்துகின்றார். பாட்டி அவர் அருகில். சாரதிக்குப் பின்னால் கைக்குழந்தையின் ஆசனம். நடைபாதைப் பக்கமான இடதுபுறத்தில் தாய். மூத்த பிள்ளைகள் இருவரும் முதலில் ஏறி, மூன்றாம் வரிசையில் தத்தம் உயரத்திற்கேற்ற ஆசனங்களில் மும்முனைப் பட்டியோடு அமர்கின்றனர். அதன்பின் தாய் தம் ஆசனத்தை நிமிர்த்தி அமர்கின்றார். நடுவிடம் வெறுமையாகின்றது. ஆக, ஏழு ஆசன வண்டி இக்குடும்பத்தின் ஆறு பேருக்கே சரியாகப் பொருந்துகின்றது. எட்டு வயதுப் பிள்ளைக்கும் உயரத்தி தேவையா என ஐயுறுவோர் உண்டு. ஐரோப்பிய நாடுகள் பல இதில் உயரத்தை நோக்குகின்றன. நாட்டுக்கு நாடு 135 அல்லது 150 சென்ரிமீற்றர் வரை அது தேவை என விதித்துள்ளன.

ஆகையால், குழந்தை ஆசனங்களை வாங்குமிடத்திற்கே கொண்டுசென்று, வண்டியிற் பொருத்தி, குடும்பத்தார் அனைவரையும் ஏற்றிப் பார்த்தபின் விலை பேசுவதே அறிவுடைமை.

அத்தனை பேரும் ஏறியபின் வண்டியின் குணமும் மாறுகின்றது. ஏற்றத்தில் தனியாக ஓட்டிப் பார்த்து இயந்திரத்தின் வலிமையை மதிப்பிடுதல் தவறு. ஆட்களோடே ஓட்டிப் பார்க்கவேண்டும். இறக்கமோ அதனினும் கடுமையான பரீட்சை. பிறேக்கை இடைவிடாது மிதித்தால் அது சூடேறிப் பிடி தளரும். நாட்பட்ட பிறேக் எண்ணெய் ஈரத்தை உறிஞ்சியிருக்குமாதலால், அச்சூட்டிற் கொதித்து மிதியைச் செயலிழக்கச் செய்யும். எனவே தாழ்ந்த கியரில் இறங்குதல் வேண்டும். தானியங்கிக் கியர் வண்டியாயின் அதற்குரிய நிலை எதுவென்று வாங்கும்போதே கேட்டறிதல் வேண்டும். டயரின் பக்கத்தில் நான்கு இலக்கங்கள் பொறிக்கப்பட்டிருக்கும். 2319 என்றிருந்தால், அது 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்திற் செய்யப்பட்டது என்பது பொருள். பார்வைக்குப் புதிதாய்த் தோன்றும் பழைய டயரை இதனால் அறியலாம்.

மூன்றாம் வரிசை நிமிர்ந்திருக்கும்போது பொதிகளுக்கு இடம் சிறிதே எஞ்சும். கூரைமேற் பாரம் ஏற்றினால் வளைவுகளில் வண்டி சாய முற்படும். கட்டப்படாத பெட்டியோ மோதலின்போது பிள்ளைகளின் மேற் பாயும். கூடியவரை பொதியைக் குறைத்தலே நன்று. பின்வரிசைப் பிள்ளைகளுக்கு வளைவுகளில் தலைசுற்றலும் வாந்தியும் வருதல் இயல்பு. சாளரக் காற்றும், தொலைவிலுள்ள மலையை நோக்கும் பார்வையும், எல்லாவற்றினும் மேலாகச் சாரதியின் நிதானமும் அதற்கு மருந்தாகும்.

சில நாட்களுக்குக் கைக்குழந்தை தன் ஆசனத்திலிருந்து அழும். மடிக்கு எடுத்துக்கொள்ளுமாறு பாட்டி சொல்வார். அவ்வேளையில் வண்டியை ஓரமாக நிறுத்தி, குழந்தையை எடுத்து ஆற்றி, மீண்டும் பட்டியிட்டபின் புறப்படுவதே பெற்றோரின் கடமை. பயணம் பத்து நிமிடம் தாமதிக்கலாம். அதனால் எவருக்கும் நட்டமில்லை.