நாணயத்துக்கும் வில்லங்கம் பார்க்கலாம்!

ஆவடியை அடுத்த சேக்காட்டில் ஒருவர் மனை வாங்கப் போகிறார். முதலில் என்ன செய்வார்? வில்லங்கம் போட்டுப் பார்ப்பார். மனை யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தது என்று தெரிந்த பிறகுதான் முன்பணம் கொடுப்பார்.

பிட்காயின் என்ற மின் நாணயத்துக்கும் அப்படி ஒரு பதிவேடு உண்டு. அதன் முதல் பக்கம் 2009 ஜனவரி 3-ந் தேதி எழுதப்பட்டது. இப்போது சுமார் 10 நிமிடத்துக்கு ஒரு பக்கம் சேருகிறது. ஒவ்வொரு பக்கத்திலும் முந்திய பக்கத்தின் அடையாளம் இருக்கும். பழைய பக்கத்தில் ஒரு எழுத்தைத் திருத்தினாலும் அடையாளம் மாறிவிடும். குட்டு வெளிப்பட்டுவிடும்! இதுதான் பிளாக்செயின்.

இதற்குச் சார்பதிவாளர் கிடையாது. உலகெங்கும் ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்களில் நகல் இருக்கிறது. நகல் வைத்திருக்கும் கம்ப்யூட்டருக்கு நோடு என்று பெயர். அதைப் புரட்டிக் காட்டும் புரோகிராமுக்கு எக்ஸ்புளோரர் என்று பெயர்.

இலவசமாகப் புரட்டிக் காட்டும் இணையதளங்கள் பல உண்டு. ஆனால் நீங்கள் எந்தக் கணக்கைத் தேடினீர்கள் என்பது தளத்துக்காரருக்குத் தெரிந்துவிடும். அவர் காட்டுவதை நம்பவும் வேண்டும். இது பிடிக்காதவர்கள் சொந்தமாகவே வைத்துக்கொள்கிறார்கள்.

வீட்டில் வைப்பது எப்படி?

சாதாரண கம்ப்யூட்டர் போதும். டிஸ்க்தான் பெரிதாக வேண்டும். பதிவேடு 600 ஜிபியைத் தாண்டிவிட்டது. 2 டிபி டிஸ்க் வாங்குவது நல்லது.

பிட்காயின் கோர் என்ற இலவசப் புரோகிராமைப் போட்டால், அது முதல் பக்கத்திலிருந்து எல்லாவற்றையும் இறக்கிச் சரிபார்க்கும். சில நாள் ஆகும். பொறுமை வேண்டும்! நடுவில் கரண்ட் போனால் கோப்பு கெட்டுவிடலாம். யு.பி.எஸ். இருந்தால் கவலை இல்லை.

இடத்தை மிச்சம் பிடிக்கப் பழைய பக்கங்களை அழிக்கும் வழியும் உண்டு. எக்ஸ்புளோரர் வைப்பவருக்கு அது உதவாது. டிஎக்ஸ் இண்டெக்ஸ் என்ற அட்டவணையையும் போடச் சொல்ல வேண்டும். அட்டவணை இல்லாவிட்டால் பழைய கணக்கைத் தேடி எடுக்க முடியாது.

பிறகு பிடிசி ஆர்பிசி எக்ஸ்புளோரர் போன்ற ஒரு புரோகிராமைப் போட்டு, நோடின் கடவுச்சொல்லைக் கொடுத்தால் வேலை முடிந்தது. வீட்டுக்குள் மட்டும் பாருங்கள். வெளியாருக்குத் திறந்து வைக்க வேண்டாம்.

பெயர் இருக்காது

வில்லங்கச் சான்றில் ஆள் பெயர் இருக்கும். இதில் இருக்காது. எண்ணும் எழுத்தும் கலந்த முகவரிதான் இருக்கும். நாணயத்தை விற்பனை நிறுவனத்திடமே விட்டுவைத்தால், பதிவேட்டில் தெரிவது நிறுவனத்தின் முகவரிதான்!

2024 ஜூலையில் வாசிர்எக்ஸ் நிறுவனத்தில் சுமார் 23 கோடி டாலர் மதிப்புள்ள நாணயங்கள் திருட்டுப் போயின. களவு போன நாணயம் வேறு. ஆனாலும் எக்ஸ்ஆர்பி என்ற நாணயம் வாங்கியிருந்த ஒரு பெண்ணின் கணக்கும் முடங்கியது. அவர் போட்ட பணம் 1,98,516 ரூபாய். அவர் சென்னை ஐகோர்ட்டுக்குப் போனார். மின் நாணயமும் ஒருவகைச் சொத்துதான் என்று 2025 அக்டோபரில் கோர்ட்டு சொன்னது.

"அனுப்பிவிட்டேன், பார்" என்று செல்போனில் படம் காட்டுகிறவர்களும் உண்டு. படம் யாரும் செய்யலாம். அவரிடம் பரிமாற்ற எண்ணைக் கேட்டு வாங்கி, உங்கள் எக்ஸ்புளோரரில் தட்டி, உங்கள் முகவரிக்கு வந்திருக்கிறதா என்று பாருங்கள். பணம் பதிவான பக்கத்தோடு சேர்த்து 6 பக்கம் வரும்வரை காத்திருப்பது வழக்கம். சுமார் ஒரு மணி நேரம். அதன் பிறகு பொருளைக் கொடுக்கலாம்.